எலீ வீசலின் ‘இரவு’: கடவுளும் உயிர்பிழைத்தலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாஜி முகாம்களில் சிக்கிய ஒரு யூதப் பையனைப் பற்றி எலீ வீசல் எழுதிய ‘இரவு’ நூற்றுச் சொச்சம் பக்கம் உள்ள சின்னப் புத்தகம். படித்து முடித்தவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இரண்டைச் சுற்றித்தான் வரும்: அந்தப் பையனின் கடவுள் நம்பிக்கை என்ன ஆனது, அவன் எப்படி உயிரோடு மீண்டான். இரண்டுக்கும் நடுவே ஒரு தொடர்பு இருந்தாக வேண்டும் என்று நம் மனம் எதிர்பார்க்கிறது. எனக்கு அந்த எதிர்பார்ப்பின் மேலேயே சந்தேகம் உண்டு. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். புத்தகத்தின் முடிவு வரை எல்லாமே இங்கே பேசப்படுகிறது.

இன்னும் படிக்காதவர்களுக்காக: என்ன நடக்கிறது?

அந்தப் பையனின் ஊரான சிகெட் இன்று ருமேனியாவில் இருக்கிறது. 1940 முதல் 1944 வரை ஹங்கேரியின் கையில் இருந்தது. 1944 மார்ச் 19 அன்று ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. அடுத்த சில வாரங்களில் யூதர்களுக்கு மஞ்சள் நட்சத்திரம் வந்தது, அப்புறம் யூதர்களை அடைத்துவைக்கும் கெட்டோ என்ற பகுதி, அப்புறம் சரக்கு ரயில். மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள் ஹங்கேரியிலிருந்து சுமார் 4,40,000 யூதர்கள் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் போலந்தில் நாஜிகள் வைத்திருந்த ஆஷ்விட்ஸ் மரண முகாம்.

அந்த ரயில்களில் ஒன்றில் 15 வயது எலியேசர், அவன் அப்பா அம்மா, இரண்டு அக்கா, ஒரு தங்கை. ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில் இறங்கியதும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அம்மாவையும் ஏழு வயதுத் தங்கை சிப்போராவையும் அதற்குப் பிறகு அவன் பார்க்கவே இல்லை. அப்பாவும் மகனும் பூனா என்ற மோனோவிட்ஸ் முகாமில் அடிமை வேலை செய்கிறார்கள். 1945 ஜனவரியில் பனியில் ஓடவிட்டு, திறந்த ரயில் பெட்டிகளில் ஏற்றி, ஜெர்மனியில் உள்ள புக்கன்வால்டு முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். அப்பா அங்கே ஜனவரி கடைசியில் இறக்கிறார். ஏப்ரல் 11 அன்று முகாம் விடுதலையாகிறது. அக்காக்கள் இருவரும் பிழைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இது நாவலா, நிஜமா?

நிஜம். வீசல் இதைத் தன் சாட்சியம் என்றுதான் கடைசிவரை சொன்னார். எலியேசர் என்பது அவருடைய முழுப்பெயர். நாவல் போலத் தோன்றுவதற்குக் காரணம், அவர் இதை வெட்டிச் செதுக்கிய விதம். முதலில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் நிறைய எழுதினார். அது 1956-ல் பூனோஸ் ஐரிஸில் 245 பக்கப் புத்தகமாக வந்தது. உலகம் வாய்மூடி இருந்தது என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. 1958-ல் வந்த பிரெஞ்சு வடிவம் அதைவிட மிகவும் சிறியது. நாம் இன்று படிக்கும் ‘இரவு’ அதிலிருந்து வந்ததுதான். 1960-ல் ஆங்கிலம், 2006-ல் அவருடைய மனைவி மரியோன் செய்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு.

யிட்டிஷ் வடிவத்தில் கோபம் வெளிப்படையாக இருக்கிறது. போர் முடிந்து பத்தே வருடத்தில் எல்லாரும் மறந்துவிட்டார்களே என்ற கொதிப்போடு அது முடிகிறது. பிரெஞ்சு வடிவத்தில் அந்தக் கொதிப்பு அடங்கி, ஒரு பையன் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. யூத வாசகர்களுக்கு எழுதியது ஒன்று, வெளி உலகத்துக்கு எழுதியது இன்னொன்று என்று ஆய்வாளர்கள் இதைப் பற்றி நிறைய வாதாடியிருக்கிறார்கள். எது உண்மையான வடிவம் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டுமே ஒரே மனிதனின் வாக்குமூலம்.

முகாமுக்கு முன்னால் அவன் எவ்வளவு பக்தியானவன்?

பகலில் தால்முத் என்ற யூதச் சட்ட நூல் படிப்பு, இரவில் ஜெபாலயத்துக்கு ஓடி, எருசலேம் கோயில் இடிந்ததை நினைத்து அழுவது. இதுதான் பன்னிரண்டு பதிமூன்று வயதில் அவன் வாழ்க்கை. கபாலா என்ற யூத மறைஞானத்தைக் கற்க வேண்டும் என்று துடிக்கிறான். அதற்கு வயது போதாது என்று அப்பா தடுக்கிறார். அப்பா கடை வைத்திருந்தவர், ஊர் மதிக்கும் மனிதர், உணர்ச்சியைக் காட்டிக்கொள்ளாதவர். பையன் தானாகவே ஒரு குருவைக் கண்டுபிடிக்கிறான். ஜெபாலயத்தில் எடுபிடி வேலை செய்யும் ஏழை மோய்ஷே. ஏன் ஜெபிக்கிறாய் என்று மோய்ஷே கேட்கும்போது அவனுக்குப் பதில் தெரியவில்லை. ஏன் மூச்சு விடுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கிறான். பிறகு உடைவது இவ்வளவு உள்ளே போன பழக்கம் என்பதை மறந்துவிடக்கூடாது.

எச்சரிக்கை வந்தும் ஏன் ஓடிப்போகவில்லை? கடவுள் காப்பார் என்று இருந்துவிட்டார்களா?

ஓரளவு. ஆனால் கடவுளை மட்டும் நம்பி இருந்தார்கள் என்று சொன்னால் அது நியாயமில்லை. 1941-ல் ஹங்கேரி அரசு குடியுரிமை நிரூபிக்க முடியாத யூதர்களைப் பிடித்து உக்ரைன் பக்கம் தள்ளியது. அந்த ஆகஸ்டில் காமியானெட்ஸ்-பொடில்ஸ்கியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் இப்படித் தள்ளப்பட்டவர்கள். மோய்ஷேயும் அப்படி அனுப்பப்பட்டவர்தான். காலில் குண்டு பட்டு, செத்தவர் போலக் கிடந்து, ஊர் திரும்பி, வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார். யாரும் நம்பவில்லை. பைத்தியம் என்றார்கள்.

ஊர் நம்பியது ரஷ்யப் படை சீக்கிரம் வந்துவிடும் என்ற செய்தியை, ஹிட்லரால் ஒரு முழு இனத்தை அழிக்க முடியாது என்ற பொது அறிவை, அயலாரின் நல்லெண்ணத்தை. பாலஸ்தீனத்துக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்கலாம் என்று பையன் அப்பாவிடம் கேட்கிறான். இந்த வயதில் புது இடத்தில் முதலிலிருந்து தொடங்க முடியாது என்கிறார் அவர். கெட்டோவில் இருக்கும்போது பழைய வேலைக்காரப் பெண் மரியா வந்து, தன் கிராமத்தில் ஒளிந்துகொள்ளுங்கள் என்று அழுகிறாள். அப்பா மறுக்கிறார். நீங்கள் வேண்டுமானால் போங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். பிரிந்து போக யாருக்கும் மனமில்லை. குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அந்த எண்ணத்தைக் குறை சொல்ல நம்மில் யாருக்கு உரிமை இருக்கிறது?

நம்பிக்கை எந்த இடத்தில் உடைகிறது?

முதல் இரவிலேயே என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குழந்தைகளை நெருப்பில் கொட்டுவதைப் பார்த்த அந்த இரவை ஒருநாளும் மறக்கமாட்டேன் என்று திரும்பத் திரும்ப வரும் பத்தி, புத்தகத்திலேயே அதிகம் பேசப்பட்ட இடம். தன் நம்பிக்கையை எரித்த தீ என்கிறான், தன் கடவுளைக் கொன்ற கணங்கள் என்கிறான். சரி. அதே பத்தியின் முடிவைக் கவனியுங்கள்: கடவுள் இருக்கும் காலம் முழுக்க நானும் வாழ நேர்ந்தாலும் மறக்கமாட்டேன் என்கிறான். கொல்லப்பட்ட கடவுளும் என்றென்றும் இருக்கும் கடவுளும் ஒரே பத்தியில் இருக்கிறார்கள். எழுத்தாளர் கவனக்குறைவாக விட்ட முரண் என்று நான் நினைக்கவில்லை. புத்தகம் முழுவதும் இப்படித்தான் போகிறது.

அதற்குச் சற்று முன்பு இன்னொன்று நடக்கிறது. எரியும் குழியை நோக்கி நடக்கும் வரிசையில் சுற்றிலும் மனிதர்கள் கதீஷ் சொல்கிறார்கள். கதீஷ் என்பது இறந்தவர்களுக்காகச் சொல்லும் ஜெபம். அதில் மரணம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது, முழுக்கக் கடவுளின் பெயரைப் போற்றுவது. உயிரோடு இருப்பவர்கள் தங்களுக்காகவே அதைச் சொல்லிக்கொள்கிறார்கள். அப்பாவும் முணுமுணுக்கிறார். பையனுக்குள் முதல்முறையாகக் கோபம் எழுகிறது: எதற்காக அவர் பெயரைப் போற்ற வேண்டும், எதற்கு நன்றி? அப்புறம் குழிக்கு இரண்டே அடி இருக்கும்போது, அவனை மீறி, அதே ஜெபத்தின் சொற்கள் அவன் உதட்டில் வருகின்றன. அந்த நேரத்தில் வரிசையை இடப்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். ஜெபம் காப்பாற்றியது என்று புத்தகம் சொல்லவில்லை. வரிசை திரும்பியது, அவ்வளவுதான்.

தூக்கிலிடப்பட்ட சிறுவன் காட்சியில் கடவுள் இறந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

பூனாவில் மூன்று பேரைத் தூக்கிலிடுகிறார்கள். ஒருவன் சிறுவன், எல்லாருக்கும் பிடித்த, மென்மையான முகம் கொண்டவன். எடை குறைவாக இருப்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் உயிர் போகவில்லை. கைதிகள் எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடந்துபோக வேண்டும். கடவுள் எங்கே என்று பின்னால் ஒருவர் கேட்கிறார். இதோ, இந்தத் தூக்குமரத்தில் தொங்குகிறார் என்று பையனுக்குள் ஒரு குரல் பதில் சொல்கிறது.

இதை மூன்று விதமாகப் படிக்கிறார்கள். கடவுள் செத்துவிட்டார் என்பது ஒன்று. கடவுளும் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து துன்பப்படுகிறார் என்பது இன்னொன்று. கிறிஸ்தவர்களுக்குச் சிலுவை நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய கத்தோலிக்க எழுத்தாளர் பிரான்சுவா மோரியாக் அப்படித்தான் படித்தார். 1972-ல் ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மான் இந்தக் காட்சியைத் தன் சிலுவை இறையியலுக்குள்ளேயே கொண்டுவந்தார். யூத வாசகர்கள் பலருக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்தச் சிறுவன் உயிர்த்தெழவில்லை. அவன் மரணத்தால் யாருக்கும் மீட்பு கிடைக்கவில்லை.

காட்சி முடியும் வரியை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் முன்பு வேறொரு இளைஞனைத் தூக்கிலிட்ட மாலை, கஞ்சி என்றுமில்லாத ருசியாக இருந்தது என்று எழுதியிருப்பான். சிறுவனைத் தூக்கிலிட்ட இரவு, கஞ்சியில் பிண வாடை அடித்தது என்கிறான். மரணங்களுக்குப் பழகிப்போயிருந்த உடம்பு மறுபடி மரணத்தை உணர்கிறது. கடவுளைப் பற்றிய வரியைவிட இந்த வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புத்தாண்டு ஜெபத்தில் கலந்துகொள்ளாமல் நிற்பது ஏன்?

ரோஷ் ஹஷானா யூதப் புத்தாண்டு. கடவுள் மனிதர்களுக்குத் தீர்ப்பு எழுதும் நாள் என்பது நம்பிக்கை. 1944 செப்டம்பரில் பூனாவில் ஆயிரக்கணக்கான கைதிகள் திறந்தவெளியில் கூடி ஜெபிக்கிறார்கள். இவன் வாய் திறக்கவில்லை. இன்று நான்தான் குற்றம் சாட்டுபவன், கடவுள்தான் குற்றவாளி என்று நினைக்கிறான். தன் பலத்தை உணர்ந்ததாகவும் சொல்கிறான், தனியாகிப் போனதாகவும் சொல்கிறான். ஜெபம் முடிந்ததும் ஓடிப்போய் அப்பாவைத் தேடுகிறான். குனிந்து அப்பாவின் கையை முத்தமிடுகிறான். கையில் ஒரு துளி கண்ணீர் விழுகிறது. யாருடையது என்று தெரியவில்லை.

யோம் கிப்பூர் நோன்பு நாளில் கஞ்சியைக் குடிக்கிறான். உடம்பு கெட்டுவிடும் என்று அப்பா தடுத்தது ஒரு காரணம். அதைத் தன் எதிர்ப்பாக அவன் ஆக்கிக்கொள்வது இன்னொரு காரணம். அப்படியும் மனதுக்குள் ஒரு வெறுமை. கடவுள் ஒரு பொருட்டே இல்லை என்று நினைப்பவன் கஞ்சி குடிப்பதை எதிர்ப்பு என்று எண்ண வேண்டியதில்லையே.

அப்படியானால் நம்பிக்கைதான் அவனைக் காப்பாற்றியதா?

இல்லை. இதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அவனைக் காப்பாற்றியது எது என்று புத்தகமே ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. இறங்கிய இடத்தில் முன்பின் தெரியாத ஒரு கைதி வயது கேட்கிறார். பதினைந்து என்றதும், பதினெட்டு என்று சொல் என்று அதட்டுகிறார். ஐம்பது வயது அப்பாவை நாற்பது ஆக்குகிறார். யார் சாக வேண்டும் என்று பொறுக்கும் முகாம் மருத்துவர் மெங்கலே முன்னால் பையன் பதினெட்டு வயது விவசாயி என்கிறான். மாணவன் என்று சொல்லவில்லை. பூனாவில் மின்சாதனக் கிடங்கில் வேலை கிடைக்கிறது. கல் சுமப்பதைவிட அது மேல். இதெல்லாம் தற்செயல். கொஞ்சம் அடுத்தவரின் இரக்கம்.

பெரிய தற்செயல் 1945 ஜனவரியில் வருகிறது. காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து அவன் மருத்துவக் கொட்டகையில் படுத்திருக்கிறான். ரஷ்யப் படை நெருங்குகிறது, முகாமைக் காலி செய்கிறார்கள். நோயாளிகள் தங்கலாம். தங்கினால் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, புண்ணான காலோடு அப்பாவுடன் கிளம்புகிறான். தங்கியவர்களை ரஷ்யர்கள் விடுவித்தார்கள் என்று போருக்குப் பிறகு தெரிந்துகொள்கிறான்.

அதே முகாமின் மருத்துவக் கொட்டகைகளில் ஒன்றில் அப்போது இத்தாலியரான ப்ரீமோ லெவியும் படுத்திருந்தார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், தொழிலால் வேதியியலாளர். அவருக்கு ஸ்கார்லெட் காய்ச்சல், நடக்க முடியவில்லை, அதனால் தங்கினார், ஜனவரி 27 அன்று பிழைத்தார். திடமாக நடந்துபோன அவருடைய உயிர் நண்பன் ஆல்பெர்டோ திரும்பவில்லை. இதைப் பார்த்துவிட்டுத் தங்கியதுதான் புத்திசாலித்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. அங்கே விடப்பட்ட சுமார் 800 நோயாளிகளில் 500 பேர் ரஷ்யர்கள் வருவதற்குள் குளிராலும் பசியாலும் நோயாலும் இறந்தார்கள் என்கிறார் லெவி, அதன் பிறகு இன்னும் 200 பேர். பக்தன் நடந்து பிழைத்தான், நாத்திகர் படுத்துப் பிழைத்தார். இதில் எந்தச் சூத்திரத்தை எழுதுவது?

நம்பியவன் பிழைத்தான் என்று சொல்வது இறந்தவர்களை அவமதிப்பது. கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் எத்தனையோ பேர் வீசலைவிட ஆழமான பக்தர்கள். வேதாகமத்தின் சங்கீத ஜெபங்களைச் சொல்லிக்கொண்டே போனவர்களின் நம்பிக்கையில் என்ன குறை இருந்தது?

ஆனால் நம்பிக்கை போனதும் சிலர் சீக்கிரமே இறந்துவிடுகிறார்களே? அகிபா ட்ரூமர் கதை?

நல்ல கேள்வி. பூனாவில் இருந்த அகிபா ட்ரூமர் இரவில் ஹசிதியர் என்ற யூத பக்தி இயக்கத்தாரின் பாடல்களைப் பாடுவார். கடவுள் நம்மைச் சோதிக்கிறார் என்பார். வேத எழுத்துகளை எண்ணாக்கிக் கணக்குப் போட்டு, சில வாரத்தில் விடுதலை என்பார். பிறகு அவருக்குள் ஏதோ உடைகிறது. அடுத்த தேர்வில் அவர் பெயர் வந்துவிடுகிறது. தேர்வு என்றால் யாரை எரிப்பது என்று பொறுக்குவது. மூன்று நாள் கழித்து எனக்காகக் கதீஷ் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறார். சரி என்கிறார்கள். அடியும் வேலையும் மிகுந்த நாட்கள் அவை. எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

மனம் விட்டுப்போனால் உடம்பும் விட்டுப்போகும் என்பது உண்மைதான். அதற்குக் கடவுளே தேவை என்பதில்லை. ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த ஓர் உறவினரின் மனைவி மக்கள் நலமாக இருக்கிறார்கள் என்று எலியேசர் பொய் சொல்கிறான். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு அவர் சில வாரம் உயிரோடு இருக்கிறார். லெவியும் தன் கடைசிப் புத்தகத்தில் இதை ஒப்புக்கொள்கிறார்: மத நம்பிக்கையோ அரசியல் நம்பிக்கையோ, ஏதோ ஒன்றை உறுதியாகப் பிடித்திருந்தவர்கள் முகாமை நன்றாகத் தாங்கினார்கள் என்று. தாங்குவது வேறு, உயிர்பிழைப்பது வேறு. தாங்கியவர்களையும் மெங்கலேயின் விரல் இடப்பக்கமோ வலப்பக்கமோ காட்டியது.

கடவுளை மறுத்தவன் பனியில் ஓடும்போது ஏன் ஜெபிக்கிறான்?

என்னைக் கேட்டால் இந்தப் புத்தகத்தின் நடுமையம் இந்த இடம்தான்.

பூனாவிலிருந்து கிளம்பி இரவெல்லாம் ஓடுகிறார்கள். நின்றவனைச் சுடுகிறார்கள். வழியில் ஒரு கொட்டகையில் ஒதுங்கும்போது ரப்பி எலியாஹு என்ற முதிய யூத மதகுரு மகனைத் தேடிக்கொண்டு வருகிறார். மூன்று வருடம், எல்லா முகாமிலும், அப்பாவும் மகனும் பிரியாமல் இருந்தவர்கள். கூட்டத்தில் தவறவிட்டுவிட்டேன், பார்த்தீர்களா என்கிறார். பார்க்கவில்லை என்கிறான் எலியேசர். அவர் போன பிறகுதான் நினைவு வருகிறது: அந்த மகன் இவன் பக்கத்தில்தான் ஓடினான். அப்பா பின்தங்குவது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தே முன்னால் ஓடினான், சுமையை உதறிவிட.

அப்போது எலியேசருக்குள், அவன் நம்பாமல் போன அந்தக் கடவுளை நோக்கியே ஒரு ஜெபம் எழுகிறது. ரப்பியின் மகன் செய்ததை நான் ஒருநாளும் செய்யாதிருக்க எனக்குப் பலம் கொடு.

அவன் உயிர் கேட்கவில்லை, ரொட்டி கேட்கவில்லை, விடுதலை கேட்கவில்லை. மகனாக இருக்க வேண்டும் என்று கேட்கிறான். சிகெட்டில் கபாலா படிக்கத் துடித்தபோது கேட்டதையெல்லாம்விட இது சின்னது, ஆனால் இதைவிட உண்மையான ஜெபம் அவன் வாயில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கை செத்துவிட்டது என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்தப் பக்கத்துக்கு என்ன பதில் சொல்வார்கள்? நம்பிக்கை பிழைத்துவிட்டது என்று மகிழ்பவர்களும் அவசரப்பட வேண்டாம், ஏனென்றால் அந்த ஜெபத்துக்கு என்ன ஆனது என்பதைப் புத்தகம் கடைசிவரை கொண்டுபோகிறது.

அப்பா இறந்தபோது விடுதலை உணர்வு வந்ததாக எழுதுகிறாரே. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். மென்மையாக்கிப் படிக்கத் தேவையில்லை.

புக்கன்வால்டில் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்சுகிறார். இங்கே அப்பா, அண்ணன் தம்பி, நண்பன் யாரும் கிடையாது, அவனவன் தனக்காகத்தான் வாழ்கிறான், உன் ரொட்டியைக் கிழவருக்குக் கொடுக்காதே, அவர் பங்கையும் நீ தின்ன வேண்டும் என்று கொட்டகைத் தலைவன் புத்தி சொல்கிறான். அவன் சொல்வது சரி என்று மனதின் ஓரத்தில் ஒரு கணம் தோன்றுகிறது. தோன்றியதற்காகவே குற்ற உணர்வு. கடைசி இரவில் சத்தம் போடாதே என்று ஒரு அதிகாரி அப்பாவைத் தலையில் அடிக்கிறான். அப்பா மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். தன் மேலும் அடி விழும் என்ற பயத்தில் இவன் அசையவில்லை. ஜனவரி 29 விடியும்போது அப்பா படுத்த இடத்தில் வேறொரு நோயாளி.

அழ முடியவில்லை என்கிறான். ஆழத்தில் தேடினால், கடைசியில் விடுதலை என்பது போல ஏதோ இருந்திருக்கும் என்கிறான்.

தான் கேட்ட ஜெபம் பலிக்கவில்லை என்றுதான் அவர் தீர்ப்பு எழுதிக்கொண்டார். நான் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. எட்டு மாதம் முழுக்க அப்பாவை விட்டுப் பிரியாமல் இருந்தவன் அவன். அணிவகுப்பில் தப்படி வைத்து அடி வாங்கும் அப்பாவுக்கு நடை சொல்லிக் கொடுத்தான். ரயிலில் செத்துவிட்டார் என்று வெளியே வீசப் பார்த்தவர்களிடமிருந்து கன்னத்தில் அறைந்து எழுப்பி மீட்டான். 16 வயதுப் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தியவர்கள்தான் குற்றவாளிகள். ஆனாலும் தன்னை மன்னிக்காமல் எழுதியதால்தான் அவர் சாட்சியத்தை நான் முழுமையாக நம்புகிறேன்.

முகாம்களில் எல்லாருமே நம்பிக்கை இழந்தார்களா?

இல்லை. லித்துவேனியாவின் கோவ்னோ கெட்டோவில் ரப்பி எஃப்ராயிம் ஓஷ்ரி என்பவரிடம் ஜனங்கள் மதச் சட்டக் கேள்விகளோடு வந்தார்கள். என்னை அடிமையாகப் படைக்காததற்கு நன்றி என்று ஒரு காலை ஜெபம் உண்டு. அடிமைகளாக இருக்கும் நாம் அதைச் சொல்லலாமா என்று கேட்டார்கள். சொல்லத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தார் அவர். இப்போதுதான் சொல்ல வேண்டும், உள்ளே நாம் சுதந்திரமானவர்கள் என்று காட்ட. கேள்விகளையும் பதில்களையும் துண்டுக் காகிதங்களில் குறித்துப் புதைத்துவைத்தார். பிழைத்து, தோண்டி எடுத்து, புத்தகமாக்கினார். வார்சா கெட்டோவில் ரப்பி கலோனிமுஸ் கல்மான் ஷாபிரா, போரின் முதல் மாதத்திலேயே மகனைப் பறிகொடுத்துவிட்டு, ஓய்வுநாள் உரைகளை 1942 வரை எழுதினார். அவரை 1943-ல் கொன்றார்கள். புதைத்துவைத்த உரைகள் போருக்குப் பிறகு கிடைத்தன.

மறுபக்கத்தில் லெவி. 1944 அக்டோபர் தேர்வில் தப்பிய ஒரு கிழவர் சத்தமாகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். பக்கத்துப் படுக்கையில் இரண்டு நாளில் கொல்லப்படப்போகும் இளைஞன் படுத்திருக்கிறான். லெவிக்குப் பொறுக்கவில்லை, நான் கடவுளாக இருந்தால் அந்த ஜெபத்தைத் துப்பியிருப்பேன் என்று எழுதுகிறார். அதே தேர்வின்போது தனக்கும் ஒரு கணம் ஜெபிக்கத் தோன்றியது என்றும், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஆட்டத்தின் விதிமுறையை மாற்றக்கூடாது என்று அதை அடக்கிக்கொண்டேன் என்றும் பிற்காலத்தில் சொன்னார். ஓஷ்ரியின் நேர்மையும் லெவியின் நேர்மையும் எனக்கு ஒரே அளவு பெரியவை.

கடவுளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நாத்திகம்தானே?

யூத மரபில் அப்படி இல்லை. சோதோமை அழிக்கப்போகும் கடவுளிடம் ஆபிரகாம் ஐம்பது நீதிமான்களிலிருந்து பத்து வரை பேரம் பேசுகிறார். யோபு தன் வழக்கைக் கேட்கச் சொல்லிக் கூப்பிடுகிறார். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இவை பழக்கமான பக்கங்கள். 1809-ல் இறந்த பெர்டிச்செவ் ஊர் ரப்பி லெவி யிட்ஸ்ஹாக், தன் மக்கள் படும் பாட்டுக்காகக் கடவுள் மேல் வழக்குத் தொடுத்தவர் என்று ஹசிதியர்கள் கொண்டாடுகிறார்கள். வீசல் வளர்ந்தது இந்தக் கதைகளுக்கு நடுவில்தான். முகாமில் மூன்று ரப்பிகள் கடவுளை விசாரணை செய்ததைத் தான் பார்த்ததாக அவர் சொன்னதுண்டு. 1979-ல் அதை வைத்து ஒரு நாடகம் எழுதினார். கதையை மட்டும் 1649-க்கு, உக்ரைனில் நடந்த ஒரு படுகொலைக்குப் பிந்தைய காலத்துக்கு மாற்றிக்கொண்டார்.

வழக்குப் போட எதிராளி இருக்க வேண்டும். எலியேசர் கடைசிவரை எதிராளியை விடவில்லை.

பிற்காலத்தில் வீசல் கடவுளிடம் திரும்பினாரா?

விட்டுப் போனதாகவே அவர் சொல்லவில்லை. விடுதலைக்குப் பிறகு புக்கன்வால்டிலிருந்து சில நூறு சிறுவர்களோடு பிரான்சுக்குப் போனபோது, யூத முறைப்படி சமைத்த உணவும் ஜெபிக்க வசதியும் கேட்ட பிள்ளைகளில் அவரும் ஒருவர். தால்முத் படிப்பைத் தொடர்ந்தார். பிறகு பத்திரிகையாளர், அமெரிக்கக் குடிமகன், பேராசிரியர், 1986-ல் அமைதிக்கான நோபல் பரிசு. தன்னுடையது காயப்பட்ட நம்பிக்கை என்றார்.

1997 ரோஷ் ஹஷானாவை ஒட்டி நியூயார்க் டைம்ஸில் ஒரு ஜெபம் எழுதினார். போதும், நாம் சமாதானமாகிவிடலாம் என்று கடவுளிடம் சொல்லும் ஜெபம். பூனாவில் வாய் திறக்காமல் நின்ற அந்தப் புத்தாண்டு முடிந்து 53 வருடம். அதிலும் ஆஷ்விட்ஸை அவர் மன்னித்துவிடவில்லை, கேள்விகளைத் திரும்பப் பெறவும் இல்லை. 2016 ஜூலை 2 அன்று இறந்தார்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? அடுத்து எதைப் படிப்பது?

பதினான்கு பதினைந்து வயதிலிருந்து கொடுக்கலாம். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் அந்த வயதில்தான் பாடமாக இருக்கிறது. தனியாகப் படிக்கவிட்டுப் போய்விடாதீர்கள். குழந்தைகள் எரிக்கப்படுவதும், ரொட்டித் துண்டுக்காக மகன் அப்பாவைக் கொல்வதும் இதில் வருகிறது. படித்த பிறகு பேச ஒரு பெரியவர் வேண்டும். ‘தன்னம்பிக்கை இருந்தால் எதையும் வெல்லலாம்’ என்ற கட்டுரைத் தலைப்போடு மட்டும் இதை வகுப்பில் கொடுக்க வேண்டாம் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெல்ல முடியாமல் இறந்தவர்கள்தான் இதில் அதிகம்.

அடுத்ததாக லெவியின் முதல் புத்தகத்தை எடுங்கள், 1947-ல் வந்தது. அதன் கடைசி அத்தியாயம், முகாமைக் காலி செய்த பிறகு மருத்துவக் கொட்டகையில் விடப்பட்ட பத்து நாட்களைச் சொல்கிறது. எலியேசர் எந்தக் கதவு வழியாக வெளியே போனானோ, அதே கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று அதில் தெரியும்.